காய்ச்சல் நின்றுவிட்டது, மாத்திரையையும் நிறுத்திவிட்டார்

தக்கலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வரவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றிவிட்டேன்.

அவருடைய தம்பிக்கு 41 வயது. வடக்கு பீகாரில் ஒரு மிஷன் பள்ளியில் 12 ஆண்டுகள் ஆசிரியராக இருந்துவிட்டு, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பியிருக்கிறார். வந்த சில மாதங்களில் சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். பிறகு காசநோயாக இருக்கலாம் என்று இரண்டு மாதம் மாத்திரை. காய்ச்சல் அடங்கவில்லை. எடை 14 கிலோ இறங்கியது, வயிற்றின் இடப்பக்கம் கல் போல் கட்டியாகிவிட்டது. திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் ரத்த அணுக்கள் எல்லாமே குறைந்திருப்பதைக் கண்டு, ரத்தப் புற்றுநோயோ என்று எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். புற்று இல்லை. மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் என்ற காய்ச்சல் நோயின் ஒட்டுண்ணி இருந்தது. அதே வாரத்தில் எச்.ஐ.வி. தொற்றும் உறுதியானது. நோய் எதிர்ப்புக்கான சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 62, மிகவும் குறைவு.

14 நாள் ஊசியும் மாத்திரையுமாகச் சிகிச்சை முடிந்து, காய்ச்சல் நின்று, மூன்று மாதம் ஆகிறது. எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையும் தொடங்கினார். ஆனால், "ரெண்டு விஷத்தையும் சேர்த்துத் தின்றால் கிட்னி போய்விடும்" என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, மூன்று வாரமாக அதை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து சாப்பிடுகிறார். இதற்கிடையில் ஒரு தனியார் லேபில் காலா அசார் ஸ்ட்ரிப் பரிசோதனை மறுபடி செய்து பார்த்ததில் 'பாசிட்டிவ்' வந்து வீடே கலங்கிப்போயிருக்கிறது. பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்று மூத்த அண்ணன் அவரைத் தொழுவத்தை ஒட்டிய புரையில் தனியாகத் தங்கவைக்கச் சொல்கிறார். தம்பி மனைவிக்கு எச்.ஐ.வி. பரிசோதனை ஒருமுறை செய்ததில் 'இல்லை' என்று வந்திருக்கிறது.

"ஒரு நோயை மருந்து கொடுத்துத் தீர்த்தாயிற்று, இன்னொன்றோடு காலம் தள்ளிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தோம். இப்போது எதை நம்புவது என்று தெரியவில்லை" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரி,

முதலில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையே தம்பியை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அழைத்துப் போங்கள். மாத்திரையை நிறுத்திய நாளை மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே திட்டுவார்கள் என்று பயப்பட வேண்டாம். நிறுத்தியவர்கள் திரும்பி வருவது அவர்களுக்குப் புதிதல்ல, வந்ததற்காகச் சந்தோஷப்படவே செய்வார்கள். ஏ.ஆர்.டி.யை நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தில் வைரஸ் மறுபடி பெருகத் தொடங்கிவிடும். உங்கள் தம்பி இப்போது சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறார். மீதியை நீங்கள் நிதானமாகப் படிக்கலாம்.

"ஒரு நோயைத் தீர்த்தாயிற்று, இன்னொன்றோடு காலம் தள்ளலாம்" என்ற எண்ணத்தைத்தான் நான் முதலில் திருத்த வேண்டியிருக்கிறது. தம்பியின் உடம்பில் இவை தனித்தனியாக ஓடுகிற இரண்டு நோய்கள் அல்ல. இரண்டும் ஒரே அணுவுக்குள் குடியிருக்கின்றன.

ஒரே அணுவுக்குள் இரண்டு குடி

காலா அசாரை உண்டாக்குவது லீஷ்மேனியா டோனவானி என்ற ஒட்டுண்ணி. மணல் ஈ கடிக்கும்போது அது தோலுக்குள் இறங்குகிறது. வந்த கிருமியைப் பிடித்து விழுங்கிச் செரிப்பதற்கென்றே நம் உடம்பில் மேக்ரோபேஜ் என்ற அணுக்கள் இருக்கின்றன. அவை இதையும் விழுங்குகின்றன. மற்ற கிருமிகள் அந்த அணுவின் அமிலப் பைக்குள் போனால் கரைந்துவிடும். இந்த ஒட்டுண்ணியோ அந்த அமிலத்துக்குள்ளேயே உருமாறி, அங்கேயே பெருகக் கற்றுக்கொண்டது. மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று மேக்ரோபேஜ் அதிகமுள்ள இடமெல்லாம் அதற்கு வீடு. மண்ணீரல் கல் போல் வீங்கியதும் ரத்த அணுக்கள் எல்லாம் குறைந்ததும் இதனால்தான்.

இப்படிப் புகுந்தும் பீகாரில் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதில்லை. காரணம் சிடி4 அணுக்கள். மேக்ரோபேஜிடம் ஒட்டுண்ணியைக் கொல்லும் சரக்கு இருக்கிறது, நைட்ரிக் ஆக்சைடு என்று பெயர். ஆனால் அது அடுப்பில் அடுக்கிய விறகு மாதிரி. கொளுத்த ஆள் வேண்டும். சிடி4 அணுக்கள் அனுப்புகிற இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைதான் அந்தத் தீ. தீ மூண்டால் ஒட்டுண்ணி அடங்கிவிடும். அடங்கும் என்றுதான் சொன்னேன், அழியும் என்று சொல்லவில்லை. சில ஒட்டுண்ணிகள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும்.

எச்.ஐ.வி. அழிப்பது அந்தச் சிடி4 அணுக்களைத்தான். எண்ணிக்கை 62-க்கு இறங்கும்போது சமிக்ஞை அனுப்ப ஆளில்லை. இதோடும் முடியவில்லை. எச்.ஐ.வி. மேக்ரோபேஜுக்குள்ளும் புகக்கூடியது. ஏற்கெனவே ஒட்டுண்ணி இருக்கும் அணு இன்னும் சோர்ந்துபோகிறது. ஒட்டுண்ணி பெருகுவது திரும்ப வைரஸுக்கு உதவுகிறது. ஒட்டுண்ணியால் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஓயாமல் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கும். அப்படித் தூண்டப்பட்ட அணுவில்தான் எச்.ஐ.வி. வேகமாகப் பெருகும். வைரஸ் கூடினால் சிடி4 குறையும், சிடி4 குறைந்தால் ஒட்டுண்ணி கூடும், ஒட்டுண்ணி கூடினால் வைரஸ் கூடும். காலா அசார் உள்ள பகுதிகளில், எச்.ஐ.வி. உள்ளவருக்கு அந்நோய் வெளிப்படும் வாய்ப்பு 100 மடங்கிலிருந்து 2,000 மடங்குக்கு மேல் வரை கூடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்வது இந்தச் சுழற்சியால்தான்.

ஆகவே, சகோதரி, தம்பி நிறுத்திய அந்த ஒற்றை மாத்திரை காலா அசாருக்கும் மருந்துதான். ஊசி ஒட்டுண்ணியின் கூட்டத்தைக் குறைத்துக் கொடுத்தது. குறைந்த கூட்டம் மறுபடி பெருகாமல் காக்க வேண்டியது அவருடைய சொந்த சிடி4 அணுக்கள். அவற்றை மீட்டுக் கொடுப்பது ஏ.ஆர்.டி.

'ரெண்டு விஷம்' என்ற பேச்சு

உறவினர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது உங்கள் வீட்டில் எடுபட்டது. தம்பிக்குக் கொடுத்த ஊசி லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி. ஏ.ஆர்.டி. மாத்திரையில் வழக்கமாக டெனோஃபோவிர் இருக்கும். இரண்டுமே சிறுநீரகத்தைச் சோதிக்கக்கூடியவை. அதனால்தான் ஊசி ஓடும் நாட்களில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். ஆனால் ஊசி முடிந்து மூன்று மாதம் ஆயிற்று. இனி டெனோஃபோவிரால் சிறுநீரகத்துக்குத் தொல்லை வந்தாலும், அதை விட்டுவிட்டு வேறு மருந்துக்கு மாற்ற வழி இருக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ள வேண்டியதை ஊகத்தில் தீர்மானித்திருக்கிறீர்கள்.

நாட்டு மருந்து பற்றி: நம் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வைத்தியம் பார்க்கும் ஆசான்களின் குடும்பங்கள் பல. அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் என்ன சேர்த்தது என்று தெரியாத பொடியோ பற்பமோ, சிறுநீரகத்துக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தியவருக்குக் கொடுக்கக்கூடியது அல்ல. உலோகம் சேர்ந்த மருந்தால் சிறுநீரகம் கெட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொட்டலத்தை அப்படியே எடுத்துப்போய் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும்வரை அதை நிறுத்திவையுங்கள்.

ஸ்ட்ரிப் 'பாசிட்டிவ்' என்றால் நோய் திரும்பிவிட்டதா?

இல்லை. ஆர்கே39 என்ற அந்தப் பட்டை ஒட்டுண்ணியைக் காண்பதில்லை. அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத்தான் காண்கிறது. அது நோய் தீர்ந்த பிறகும் மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். நோய் திரும்பியதா என்று அறிய அந்தப் பட்டை உதவாது. இனி அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம்: நோய் உண்மையாகவே இருக்கும்போது எதிர்ப்புப் பொருள் போதாமல் பட்டை 'இல்லை' என்று காட்டிவிடும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது இவற்றைப் பார்த்தால்தான்: இரண்டு வாரத்தை நெருங்கும் காய்ச்சல், மறுபடி இடப்பக்கம் கனம், ஏறிய எடை இறங்குவது, ஹீமோகுளோபினும் வெள்ளணுவும் தட்டணுவும் சேர்ந்து குறைவது. எச்.ஐ.வி. உள்ளவர்களில் இந்த ஒட்டுண்ணி குடல், தோல், வாய் என்று வழக்கத்துக்கு மாறான இடங்களிலும் தலைகாட்டும். ஆகவே நீண்ட வயிற்றுப்போக்கோ, ஆறாத புண்ணோ வந்தாலும் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் எலும்பு மஜ்ஜையிலோ மண்ணீரலிலோ ஒட்டுண்ணியை நேரடியாகத் தேடுவார்கள், அல்லது ரத்தத்தில் அதன் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்வார்கள்.

நோய் திரும்பும் வாய்ப்பை நான் மறைக்கப்போவதில்லை. எச்.ஐ.வி. இல்லாதவருக்குக் காலா அசார் பெரும்பாலும் ஒரே சிகிச்சையில் தீரும். இருப்பவருக்கு, அதுவும் சிடி4 குறைவாக இருக்கும் வரைக்கும், மறுபடி வருவது சாதாரணம். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் நம் பகுதி நாடுகளுக்கென்று சிகிச்சை முறையை மாற்றியது இதற்காகத்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு முறை ஆம்போடெரிசின் ஊசி, கூடவே 14 நாள் மில்டெஃபோசின் மாத்திரை என்பது அந்த முறை. பீகாரில் இந்த இரட்டை நோய் உள்ளவர்களிடமே செய்த ஆய்வு அதற்கு அடிப்படை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தம்பிக்கும் அதுதான் கிடைத்திருக்கிறது. டிஸ்சார்ஜ் தாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிடி4 ஏறி நிலைக்கும்வரை தடுப்பாக இடையிடையே மருந்து தர வேண்டுமா என்பதைத் திருவனந்தபுரத்து மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். மறுபடி வந்த பிறகு கேட்பதற்கான கேள்வி அல்ல அது.

இன்னொன்று. ஏ.ஆர்.டி.யை மறுபடி தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று மறுபடி நிறுத்திவிடாதீர்கள். மீண்டெழும் நோய் எதிர்ப்பு அணுக்கள் பதுங்கியிருக்கும் கிருமியைக் கண்டு கொதிப்பதாலும் அப்படி வரலாம். காசநோய் ஒளிந்திருந்து வெளிப்படுவதாகவும் இருக்கலாம். முதலில் கொடுத்த காசநோய் மாத்திரை பாதியில் நின்றதால், சளியும் எக்ஸ்ரேயும் முறையாகப் பார்த்து அந்தக் கேள்வியை ஒருமுறை தீர்த்துவிட வேண்டும். சிடி4 இவ்வளவு குறைவாக இருக்கும்போது வேறு தொற்றுகளைத் தடுக்கத் தினமும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் தருவார்கள், அதையும் விடக்கூடாது.

தொழுவத்துப் புரை வேண்டவே வேண்டாம்

அண்ணன் பிள்ளைகளை நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்லும் இடம்தான் இருப்பதிலேயே மோசமான இடம்.

காலா அசார் தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே பாயில் படுத்தால், இருமினால் ஒட்டாது. எச்.ஐ.வி.யும் அப்படித்தான். காலா அசார் பரவுவதற்கு நடுவில் மணல் ஈ வேண்டும். அரிதாக ரத்தம் ஏற்றுவதாலும், ஊசியைப் பகிர்வதாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரலாம். கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும் மணல் ஈ, மாட்டை நாடும், தொழுவத்தின் ஈர மண்ணிலும் சுவர் வெடிப்பிலும் பெருகும், இருட்டிய பிறகு கடிக்கும். பீகாரில் நோயைப் பரப்பும் ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிப்ஸ் என்ற அதே இனம் தென்னிந்தியாவிலும் உண்டு. சிடி4 குறைந்தவரின் ரத்தத்தில் ஒட்டுண்ணி அதிகம் என்பதால், அவரைக் கடிக்கும் ஈக்கு அது தொற்றும் வாய்ப்பும் அதிகம். அப்படிப்பட்டவரைக் கொண்டுபோய் ஈக்களின் நடுவில் படுக்கவைப்பதா?

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. குமரியில் இந்தக் காய்ச்சல் பரவிக்கொண்டிருக்கவில்லை, தம்பிக்கு இது பீகாரில் தொற்றியது என்பதில் சந்தேகம் இல்லை. அகத்தியமலைச் சாரலில், திருவனந்தபுரம் மாவட்டத்துக் காணிக் குடியிருப்புகளில், இதே ஒட்டுண்ணி தோல் புண்ணாக உள்ளூரிலேயே பரவுவது பதிவாகியிருக்கிறது. ஆகவே கொஞ்சம் கவனம் நல்லது. தம்பி வீட்டுக்குள்ளேயே, தொழுவத்திலிருந்து தள்ளியிருக்கும் அறையில், கட்டிலில் படுக்கட்டும். சாதாரண வலையின் கண்ணிக்குள் மணல் ஈ நுழைந்துவிடும். கண்ணி நெருக்கமான, மருந்து தோய்த்த வலை வாங்குங்கள். சுவர் வெடிப்புகளைப் பூசுங்கள், தொழுவத்தில் சாணமும் ஈரமும் தேங்காமல் பாருங்கள். அவர் ரத்த தானம் செய்யக்கூடாது. பீகாரில் கூடவே இருந்த மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ நீண்ட காய்ச்சல் வந்தால், "நாங்கள் பீகாரில் இருந்தோம்" என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லட்டும்.

சட்டமும் தம்பி பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்று உள்ளவருக்குக் குடும்ப வீட்டில் வசிக்கும் உரிமை உண்டு, அவரை வெளியேற்ற முடியாது. இதைக் காட்டி அண்ணனோடு வழக்காடச் சொல்லவில்லை. ஆலோசகர் முன்னிலையில் அண்ணனை ஒருமுறை உட்காரவைத்தால் போதும் என்று நினைக்கிறேன். ஏ.ஆர்.டி. மையத்திலேயே ஆலோசகர் இருப்பார். சபையிலிருந்து விசாரிக்க வருகிறவர்களுக்கு எச்.ஐ.வி. பற்றிச் சொல்ல வேண்டிய கடமை உங்களில் யாருக்கும் இல்லை. தம்பியின் சம்மதம் இல்லாமல் அதை வெளியே சொல்வது அதே சட்டப்படி தவறு. 'பீகாரில் பிடித்த காய்ச்சல், மண்ணீரல் வீங்கியது' என்பதே உண்மையான, போதுமான பதில்.

தம்பி மனைவிக்கு

ஒருமுறை 'இல்லை' என்று வந்தது நல்ல செய்தி. ஆனால் தொற்று நேர்ந்திருக்கக்கூடிய கடைசி நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். தம்பி மாத்திரையை நிறுத்தியிருக்கும் இந்த நாட்களில் ஆணுறை இல்லாமல் உறவு கூடாது. மாத்திரையை ஒழுங்காகத் தொடர்ந்து, வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி நிலைத்துவிட்டால், உடலுறவின் வழியாக அவரிடமிருந்து தொற்று பரவாது. இதைத் தம்பிக்கும் அவர் மனைவிக்கும் சேர்த்தே சொல்லுங்கள். மாத்திரை சாப்பிட இதைவிடப் பெரிய காரணம் பலருக்கும் தேவைப்படுவதில்லை.

தம்பிக்கு இது யாரிடமிருந்து, எப்படி வந்தது என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. அந்தக் கேள்வி வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்வரை, தம்பி தலைகுனிந்து மாத்திரையைத் தவிர்த்துக்கொண்டேதான் இருப்பார். அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

நான்கு மாதம் நோயைக் கண்டுபிடிக்காமல் விட்டார்களே என்ற உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இன்று தெற்கில் பயிற்சி பெறும் மருத்துவர் பலர் காலா அசார் நோயாளியைப் பார்க்காமலே ஓய்வு பெறலாம், காசநோயையோ தினமும் பார்க்கிறார்கள். ஆனாலும் "இதற்கு முன் எந்த ஊரில் இருந்தீர்கள்?" என்ற ஒரு கேள்வி பல வாரங்களை மிச்சப்படுத்தியிருக்கும். இந்த ஒட்டுண்ணியைச் சார்லஸ் டோனவன் 1903-இல் கண்டது பீகாரில் அல்ல, மெட்ராஸ் அரசுப் பொது மருத்துவமனையில், நம் ஆட்களின் மண்ணீரலில். 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதன்முதலாகக் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன், அந்த மருத்துவமனையோடு இணைந்த மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில்தான் பணியாற்றினார். இரண்டையும் உலகத்துக்கும் நாட்டுக்கும் காட்டிய மண்ணில் இரண்டும் சேர்ந்து வரும்போது தெரியாமல் போகக்கூடாது என்பது என் ஆதங்கம்.

நாளை போகும்போது கொண்டுபோக வேண்டியவை: திருவனந்தபுரத்து டிஸ்சார்ஜ் தாள், எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட், சிடி4 ரிப்போர்ட், மிச்சமிருக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை டப்பா, நாட்டு மருந்துப் பொட்டலம். கிரியாட்டினின், முழு ரத்த எண்ணிக்கை, வைரஸ் அளவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மில்டெஃபோசின் சாப்பிட்டபோதோ பிறகோ கண் சிவந்து வலித்ததா என்று தம்பியிடம் கேட்டு, இருந்தால் அதையும் சொல்லுங்கள். இவரைப் போன்ற ஒரு நோயாளி ஊரில் இருப்பது மாவட்டப் பொதுச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கப்பட்டதா என்று மருத்துவரிடம் விசாரியுங்கள். வீட்டைச் சுற்றி மணல் ஈ இருக்கிறதா என்று அவர்கள் வந்து பார்ப்பது உங்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் நல்லது. அங்கே போவதற்குள் ஏதாவது கேட்க வேண்டுமானால் 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது தாள்களோடு போங்கள். அவரை எப்படி அழைத்து வருவது என்று அங்குள்ள ஆலோசகர் உங்களோடு சேர்ந்து யோசிப்பார்.